தரையில் கிடக்கும் பறவைக் குஞ்சு: எடுப்பதா, விடுவதா?

இந்த மாதக் குழுப் பாடம்



சேமிப்பு, உள்கடன், வட்டிக் கணக்கு, வங்கி இணைப்பு என்று பேசிப் பழகிய இந்தப் பக்கத்தில் இந்த மாதம் ஒரு சின்ன உயிரைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போகிறவர்கள் நாம். களை எடுக்க, ஆடு மேய்க்க, விறகு பொறுக்கப் போகிறவர்களும் நாம். காற்றிலோ மழையிலோ கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு முதலில் நம் கண்ணில்தான் படுகிறது. பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, வளர்க்கட்டுமா?" என்று கேட்பதும் நம்மிடம்தான். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு வார்த்தையில் அந்தக் குஞ்சு பிழைக்கலாம் அல்லது சாகலாம். சில சமயம் நம் குடும்பமே வனத்துறை வழக்கில் மாட்டிக்கொள்ளவும் அது காரணமாகலாம்.

ஊக்குநர்கள் இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் வளரிளம் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அன்றைக்குக் கூட உட்கார வையுங்கள். கடைசியில் கலந்து பேசுவதற்குக் கேள்விகள் கொடுத்திருக்கிறோம்.

1. முதலில் கொஞ்சம் நின்று பாருங்கள்

குஞ்சு தரையில் கிடப்பதைப் பார்த்ததும் நம் மனசு துடிக்கிறது. "ஐயோ பாவம், தாயில்லாத பிள்ளை" என்று எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் தாய் இல்லை என்று நாம் எப்படி முடிவு செய்தோம்? நாம் பக்கத்தில் நிற்பதால்தான் தாய் இறங்கி வராமல் இருக்கிறது. பக்கத்து மரத்திலோ கூரை மேலோ உட்கார்ந்து நாம் எப்போது போவோம் என்று பார்த்துக்கொண்டிருக்கும். சில பறவைகள் கத்தும். சில பறவைகள் வாயில் புழுவை வைத்துக்கொண்டு சத்தமே போடாமல் காத்திருக்கும்.

அதனால் முதல் வேலை, இருபது முப்பது அடி தள்ளிப் போய் மறைவாக நிற்பது. நாயையும் பூனையையும் பிடித்துக் கட்டுங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். அவசர ஆபத்து இல்லை என்றால் ஒரு மணி நேரமாவது காத்திருந்து பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும்.

2. அது எந்த வகைக் குஞ்சு?

எல்லாக் குஞ்சுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை: இறகு முளைக்காத குஞ்சு

உடம்பு சிவந்து வெறும் தோலாக இருக்கும். கண் மூடியிருக்கும், அல்லது அப்போதுதான் திறந்திருக்கும். அங்கங்கே முள் மாதிரி இறகுக் குருத்து தெரியும். நிற்கத் தெரியாது. இது கூட்டுக்குள் இருக்க வேண்டிய பிள்ளை. தரையில் விட்டால் வெயிலிலோ எறும்பிலோ செத்துப் போகும். இதற்கு நம் உதவி கட்டாயம் தேவை. அந்த உதவி என்ன? வீட்டுக்குக் கொண்டு போவதல்ல, கூட்டிலேயே திரும்ப வைப்பது.

மேலே, சுற்றுமுற்றும், சுவர்ப் பொந்தில், ஓட்டு இடுக்கில், பந்தலில் கூடு தெரிகிறதா என்று தேடுங்கள். எட்டுகிற உயரம் என்றால் கையைக் கழுவிக்கொண்டு குஞ்சை மெதுவாக எடுத்து உள்ளே வையுங்கள். ஏணி போட்டு ஏற வேண்டியிருந்தால் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஏறுங்கள். மின்கம்பம், மின்கம்பி பக்கம் யாரும் போகவே கூடாது.

இரண்டாம் வகை: இறகு முளைத்து, பறக்கத் தெரியாத குஞ்சு

நாம் அதிகம் தவறு செய்வது இதில்தான். இதற்கு உடம்பெல்லாம் இறகு இருக்கும். வால் மட்டும் குட்டையாக இருக்கும். வாய் ஓரம் மஞ்சளாகத் தடித்திருக்கும். தத்தித் தத்தி நடக்கும், கொஞ்சம் பறந்து திரும்ப விழும். பார்ப்பதற்கு அடிபட்ட மாதிரி தெரியும். ஆனால் அடிபடவில்லை. நம் பிள்ளைகள் சுவரைப் பிடித்து நடை பழகுவது போல இதுவும் பழகிக்கொண்டிருக்கிறது. காகம், மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி எல்லாமே நன்றாகப் பறக்கும் முன்பே கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். அடுத்த சில நாட்கள் தாயும் தகப்பனும் தரையிலும் புதரிலும் வந்தே தீனி கொடுக்கும்.

இந்தக் குஞ்சை எடுத்து வருவது, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளையை யாரோ ஒருவர் "பாவம், தனியா நிக்குது" என்று வீட்டுக்குக் கூட்டிப் போவது மாதிரி. உங்கள் பிள்ளைக்கு அப்படி நடந்தால் எப்படி இருக்கும்?

நடு ரோட்டிலோ நாய், பூனை வரும் இடத்திலோ இருந்தால் மட்டும் எடுத்து, அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதரிலோ தாழ்ந்த கிளையிலோ உட்கார வையுங்கள். தூரமாகக் கொண்டு போகாதீர்கள். குஞ்சின் சத்தம் தாய்க்குக் கேட்கிற தூரத்தில் இருந்தால் போதும். இதைக் கட்டாயப்படுத்தித் திரும்பக் கூட்டில் வைத்தாலும் மறுபடி குதித்துவிடும். கூட்டில் இருக்கும் மற்றக் குஞ்சுகளும் பயந்து வெளியே விழக்கூடும்.

கோடையில் தெருவில் போகும்போது காகம் தலையில் கொத்த வருகிறதா? "சனி பிடிச்சிருக்கு" என்று பரிகாரம் செய்ய ஓட வேண்டாம். பக்கத்தில் அதன் குஞ்சு தரையில் இருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து நாளைக்கு வேறு வழியில் போங்கள், அல்லது குடை பிடித்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் வகை: பொரித்தவுடனே ஓடும் குஞ்சு

நம் கோழிக்குஞ்சு மாதிரி, முட்டையை விட்டு வந்ததும் கண் திறந்து, மெத்தென்ற தூவியோடு ஓடும் குஞ்சுகள் உண்டு. மயில், கௌதாரி, காடை, ஆட்காட்டி எல்லாம் இந்த வகை. இவை தரையில்தான் முட்டையிடும், தரையில்தான் வளரும். தரையில் பார்த்தால் அது விழுந்த குஞ்சு அல்ல.

ஆட்காட்டிக் குருவியை உங்களுக்குத் தெரியும். ஆள் வந்தால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தும். தாய் கத்தினதும் குஞ்சு மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அசையாது. "செத்துப் போச்சு போல" என்று கையில் எடுத்துவிடாதீர்கள். அதுதான் அதன் தற்காப்பு. நீங்கள் நகர்ந்து போனால் எழுந்து தாயோடு ஓடிவிடும். வெட்டவெளியில் கூழாங்கல்லுக்கு நடுவே இருக்கும் அதன் முட்டைகளும் கல் மாதிரியே தெரியும். வயலில் பார்த்தால் சுற்றிலும் நாலு குச்சி நட்டு, டிராக்டர் ஓட்டுகிற தம்பியிடம் அந்த இடத்தை மட்டும் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். சுமார் நான்கு வாரத்தில் பொரித்துவிடும். பிறகு அந்த இடம் உங்களுக்குத்தான்.

3. "மனுஷக் கை பட்டா தாய் சேர்க்காது" என்பது உண்மையா?

உண்மை இல்லை. இதை எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒரு பாட்டி சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. ஆனால் பறவைகள் தங்கள் குஞ்சை மோப்பம் பிடித்துப் பார்த்து ஒதுக்குவதில்லை. சத்தத்தையும் இடத்தையும் திறந்த வாயையும் பார்த்துத்தான் தீனி கொடுக்கின்றன. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிட்டுப் போகிறது. வேறு இனத்துக் குஞ்சையே காகம் தன் பிள்ளை என்று தீனி ஊட்டி வளர்க்கிறது. அப்படியிருக்க, நம் கை பட்ட தன் சொந்தக் குஞ்சை அது ஏன் தள்ளப் போகிறது?

இந்தத் தவறான நம்பிக்கையால்தான் பல பேர், "தொட்டாச்சு, இனி நாமதான் வளர்க்கணும்" என்று குஞ்சை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். தொட்டிருந்தாலும் பரவாயில்லை. காலையில் எடுத்து வந்த குஞ்சை மாலையில் கொண்டு போய் வைத்தாலும் பெரும்பாலும் தாய் வரும். சீக்கிரம் கொண்டு போவது நல்லது.

4. கூடு கலைந்துவிட்டதா? மாற்றுக் கூடு செய்யலாம்

காற்றில் கூடே விழுந்துவிட்டது அல்லது கூடு எங்கே என்று தெரியவில்லை. அப்போது நாமே ஒரு கூடு கட்டலாம். செலவே இல்லை.

ஒரு சின்ன மூங்கில் கூடை அல்லது பழைய பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். டப்பா என்றால் மழைத்தண்ணீர் தேங்காமல் அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். குஞ்சு எட்டிப் பார்க்கும் உயரம் இருந்தால் போதும், ரொம்ப ஆழம் வேண்டாம். உள்ளே காய்ந்த புல் அல்லது விழுந்த கூட்டின் புல்லையே பரப்புங்கள். பஞ்சு, நூல், பிரிந்த சாக்கு வைக்காதீர்கள். குஞ்சின் காலில் நூல் சுற்றி இறுக்கினால் கால் அழுகிப்போகும். எறும்பு இல்லையா என்று பார்த்துவிட்டு, அதே மரத்தில், அல்லது மிகப் பக்கத்து மரத்தில், நிழல் விழும் கிளையில், பூனை எளிதில் ஏறாத இடத்தில் இறுக்கமாகக் கட்டுங்கள். உச்சி வெயில் நேராகப் படக் கூடாது.

பிறகு மறைவாக நின்று பாருங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாய் தீனியோடு வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது. தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். நாம் அடிக்கடி போனால் காகத்துக்கும் பூனைக்கும் நாமே வழி காட்டுகிறோம்.

5. தண்ணீரும் பாலும் சோறும் வேண்டாம்

சோர்ந்து கிடக்கும் குஞ்சைப் பார்த்தால் நாம் முதலில் செய்வது என்ன? வாயைப் பிளந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவது. தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னால், வாய்க்குள்ளேயே இருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய் மூச்சு முட்டிச் செத்துவிடும். கூட்டில் இருக்கும் குஞ்சுக்குத் தாய் தனியாகத் தண்ணீர் கொடுப்பதும் இல்லை. தீனியில் இருக்கும் ஈரமே அதற்குப் போதும்.

பசும்பால் கூடாது. பறவைக்குப் பால் செரிக்காது, கழிச்சல் வரும். சோறு, பிஸ்கட், ரொட்டி கூடாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட, தன் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் பிடித்து ஊட்டும். வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும் என்று ஊட்டச்சத்துப் பாடத்தில் படித்தோமே, அதே கதைதான். அதுவும் விடிந்தது முதல் இருட்டும் வரை அரை மணிக்கு ஒரு தடவையாவது ஊட்ட வேண்டும். நூறு வேலை செய்யும் நம்மால் ஆகிற காரியமா அது?

அப்படியே பிழைத்தாலும், ஆளின் கையில் வளர்ந்த குஞ்சுக்கு ஆளைக் கண்டால் பயம் இருக்காது. இரை தேடத் தெரியாது. பூனையைக் கண்டு ஒளியத் தெரியாது. நாம் வெளியே விட்ட மறுநாளே ஏதாவது ஒன்றுக்கு இரையாகிவிடும்.

6. எப்போது உண்மையிலேயே ஆள் உதவி வேண்டும்?

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

• ரத்தம் வருகிறது, காலோ இறக்கையோ ஒடிந்து தொங்குகிறது.
• பூனையோ நாயோ வாயில் கவ்வியது. காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் குஞ்சு செத்துப் போகலாம். மருத்துவர் மருந்து கொடுக்க வேண்டும்.
• மழையில் நனைந்து நடுங்குகிறது, அல்லது எறும்பு மொய்த்திருக்கிறது.
• தாய் செத்துக் கிடப்பதை நீங்களே பார்த்தீர்கள்.
• கூட்டில் வைத்தும் அல்லது மாற்றுக் கூடு கட்டியும் பல மணி நேரம் தாய் வரவே இல்லை.
• பனை ஓலையிலோ கட்டிட உச்சியிலோ கூடு கட்டும் உழவாரன் குருவி தரையில் கிடக்கிறது. இதற்குக் கால் மிகக் குட்டை, தரையிலிருந்து எழும்பிப் பறப்பது கஷ்டம். தாயும் தரைக்கு வந்து தீனி கொடுக்காது.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியவை:

ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, நூல் பிரியாத பருத்தித் துணியை விரித்துக் குஞ்சை வையுங்கள். மூடி வையுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு முதல் மருந்து. நனைந்த குஞ்சு என்றால், வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். வெயில் காலத்தில் அது தேவையில்லை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பெட்டியை வைக்கவும் கூடாது. டிவி சத்தம், பிள்ளைகள் கூட்டம் வேண்டாம். போட்டோ எடுப்பதும் வேண்டாம்.

பிறகு வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். கால்நடைகளுக்கான உதவி எண் 1962. நம் ஆடு மாடுகளுக்கும் பயன்படும் என்பதால் இந்த எண்ணை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

7. கோழி வளர்க்கும் உறுப்பினர்கள் கவனிக்க

நம்மில் பலர் குழுக் கடன் வாங்கி நாட்டுக்கோழி வளர்க்கிறோம். வெளியிலிருந்து எடுத்து வந்த பறவையைக் கோழிக் கூண்டில் விடவே கூடாது. வெள்ளைக் கழிச்சல், அம்மை போன்ற நோய்கள் பறவைக்குப் பறவை பரவும். இருபது கோழியும் ஒரே வாரத்தில் போனால் கடன் தவணையை யார் கட்டுவது? குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கோழிக்குத் தீனி வையுங்கள், குழந்தையைத் தூக்குங்கள்.

ஒரே இடத்தில் பல காகமோ கொக்கோ வாத்தோ செத்துக் கிடந்தால் யாரும் தொடக் கூடாது. பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் தகவல் சொல்லுங்கள்.

8. சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "வேட்டை" என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடிப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது, கூட்டைக் கலைப்பது எல்லாமே இந்தச் சட்டத்தில் வேட்டைதான்.

மயில் நம் தேசியப் பறவை. 1963-ல் அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள உயிர் சம்பந்தமான குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்ற குற்றங்கள் பலவற்றுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறோம்? தோட்டத்தில் கிடந்த மயில் முட்டையை எடுத்து வந்து அடைக்கோழிக்கு வைக்கும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. "காட்டுல கிடந்தா நரி தின்னுடும், நாம பொரிச்சு விட்டா புண்ணியம்தானே" என்று சொல்கிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்தாலும் சட்டப்படி அது குற்றம். மயில் முட்டையைப் பார்த்தால் தொடாமல் நகர்ந்துவிடுங்கள். சுமார் 28 நாளில் தானே பொரித்துத் தாயோடு போய்விடும்.

அடுத்தது பச்சைக்கிளி. லவ் பேர்ட்ஸ் வேறு, நம் ஊர்ப் பச்சைக்கிளி வேறு. லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டுப் பறவை. பச்சைக்கிளியைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாம் குற்றம். சோதிடக்காரரிடம் இருந்தாலும் சரி, பெரிய வீட்டு வராந்தாவில் இருந்தாலும் சரி, சட்டம் ஒன்றுதான்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு உறுப்பினரின் மகன், எட்டாம் வகுப்புப் படிப்பவன், மொட்டைப் பனையில் ஏறிப் பொந்திலிருந்து இரண்டு கிளிக்குஞ்சைக் கொண்டு வந்துவிட்டான். வெளியூர் ஆள் ஒருவர் ஜோடிக்குக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று குழுக் கூட்டம். அந்தச் சகோதரி, சந்தாவுக்கு இந்த மாதம் காசு இல்லை, கிளி விற்றதும் கட்டிவிடுகிறேன் என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இரண்டாம் பிரதிநிதி கேட்டார்: "ஏங்க்கா, பனையில இருந்து பையன் விழுந்திருந்தா? பிடிச்சது நம்ம பையன், காசு பார்க்கிறது அந்த ஆளு. வனத்துறை வந்தா அந்த ஆளு இருப்பானா? நம்ம பையன் பேருதானே வரும்?"

அந்தச் சகோதரி முதலில் கோபப்பட்டார். "எல்லாரும் வாய் பேசுறீங்க, என் வீட்டு அடுப்பு எரியுதான்னு யாராவது கேட்டீங்களா?" என்றார். அது நியாயமான கேள்விதான். குழு அன்றைக்கே அவருடைய சந்தாவுக்கு ஒரு மாதத் தவணை கொடுத்தது, உள்கடனில் ஒரு சிறு தொகையும் ஒதுக்கியது. இரண்டு கிளிக்குஞ்சும் மாலை இருட்டும் முன்பே, பனை ஏறத் தெரிந்த பெரியவர் ஒருவர் மூலமாக அதே பொந்துக்குப் போயின. மறுநாள் காலை தாய்க்கிளி பொந்துக்குள் தலையை விட்டதைப் பையனே பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. "பறவையைப் பிடிக்காதே" என்று சொன்னால் மட்டும் போதாது. ஏன் பிடிக்க வேண்டி வந்தது என்று கேட்பதும் குழுவின் வேலை.

காயம்பட்ட குஞ்சை எடுத்து வந்துவிட்டோம், நம் மேல் கேஸ் வருமா என்று பயப்படுகிறீர்களா? சட்டத்திலேயே வழி இருக்கிறது. இப்படிக் கையில் வந்த வன உயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ சொல்லி, கேட்டால் ஒப்படைத்துவிட வேண்டும். உதவிக்கு எடுத்ததைச் சொல்லிவிட்டால் பயம் இல்லை. சொல்லாமல் வளர்த்தால்தான் பிரச்சினை.

9. ஆந்தைக் குஞ்சைக் கல்லால் அடிக்காதீர்கள்

கூகைக் குஞ்சு வெள்ளைத் தூவியோடு, தட்டையான முகத்தோடு, சீறுகிற மாதிரி சத்தம் போடும். "பேய்க் குஞ்சு, வீட்டுக்கு ஆகாது" என்று கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். நெல் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும். கூகையின் முக்கியமான இரையே எலிதான். வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வையுங்கள் என்று வேளாண்மை அலுவலர்களே சொல்கிறார்கள். எலிக்கு மருந்து வைத்துக் காசு செலவு செய்கிறோம், காசில்லாமல் எலி பிடிப்பவனைக் கல்லால் அடிக்கிறோம்.

பறக்கப் பழகும் ஆந்தைக் குஞ்சு பகலில் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருப்பது சகஜம். அப்படியே விட்டுவிடுங்கள். இரவில் தாய் வந்து தீனி கொடுக்கும். தரையில் கிடந்தால் தடித்த துணியைப் போர்த்தி எடுத்துக் கிளையில் வையுங்கள், நகம் கூர்மையாக இருக்கும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

10. குஞ்சு விழும் நிலையே வராமல் பார்க்கலாம்

• மரம் கழிக்கும் முன், சீமைக்கருவேல் வெட்டும் முன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தக் கிளையை மட்டும் பிறகு வெட்டலாம்.
• வீட்டுக் கொடியிலோ பூந்தொட்டியிலோ கொண்டைக்குருவி கூடு கட்டினால் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வெளியேறும் வரை நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும்.
• வீடு பழுது பார்க்கும்போது சுவர்ப் பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைக்கும் முன் உள்ளே சிட்டுக்குருவியோ மைனாவோ இருக்கிறதா என்று பாருங்கள்.
• குஞ்சு வெளியே வரும் நாட்களில் வீட்டுப் பூனையைப் பகலில் உள்ளே வையுங்கள்.

11. நம் ஊர்க்காரர்கள் செய்து காட்டியது

இதெல்லாம் படித்தவர்கள் பேசுகிற பேச்சு என்று நினைக்க வேண்டாம். வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் போய் முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேசிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில், கூட்டில் இருக்கும் குஞ்சுகள் பயந்து விழுந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல ஆண்டுகளாக இது ஊர்க் கட்டுப்பாடு. அதே மாவட்டத்தில் பொத்தகுடி என்ற ஊரில் 2020-ல் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி முட்டையிட்டது. குஞ்சு பொரித்துப் பறந்து போகும் வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. இருட்டில் நடந்து போனவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஊர் கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டும். கீழே விழும் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்துக் காப்பாற்றுவார்கள். அங்கே பறவைகள் வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்புகிறார்கள்.

12. குழுவில் கலந்து பேச

1. சென்ற ஒரு வருடத்தில் உங்கள் வீட்டுக்கு யாராவது பறவைக் குஞ்சு கொண்டு வந்தார்களா? அது மூன்று வகையில் எந்த வகை? கடைசியில் என்ன ஆனது?
2. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்குக் காரணம் என்ன? ஒரு உறுப்பினர் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள்.
3. உங்கள் ஊரில் கிளிக்குஞ்சு, மயில் முட்டை எடுக்கும் பழக்கம் இருக்கிறதா? அதற்குக் காரணம் ஆசையா, அறியாமையா, வறுமையா? குழு என்ன செய்யலாம்?
4. கூட்டம் நடக்கும் இடத்தில் பழைய டப்பாவில் ஒரு மாற்றுக் கூடு செய்து பாருங்கள்.

கூட்டம் முடிவதற்குள் ஒரு வேலை: உங்கள் வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணையும் கால்நடை மருந்தக எண்ணையும் கேட்டு வாங்கி, தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எத்தனை குழுக்கள் எழுதியிருக்கின்றன என்று பார்ப்போம்.

மனதில் வைக்க நான்கு வரி:

இறகு இல்லையா, கூட்டில் வை.
இறகு இருக்கா, அங்கேயே விடு.
அடிபட்டிருக்கா, பெட்டியில் வைத்துப் போன் செய்.
எதுவானாலும் வாயில் தண்ணீர் ஊற்றாதே.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் இன்னொரு பாடத்தில் சந்திப்போம்.